ஐயவாதியும் பேருந்து விளம்பரமும்

ஐயவாதிகளுக்கு நற்செய்தியை அறிவிக்க விளம்பரம் ஏற்ற கருவியாகுமா? இவ்வினாவை ஆராய்வோர்க்கு 2008, 2009-ஆம் ஆண்டுகளில் இலண்டன் நகரப் பேருந்துகளில் நிகழ்ந்த வாதம் நல்ல பாடமாகும்.

2008 ஜூன் மாதத்தில் அப்பேருந்துகளில் லூக்கா 18:8 வசனம் ஓர் இணையதள முகவரியுடன் விளம்பரமாக வெளிவந்தது. அம்முகவரியை நாடிய ஏரியன் ஷெரீன் என்னும் எழுத்தாளர் அங்கே கண்டது, விசுவாசியாதோர் நித்திய ஆக்கினை அடைவர் என்னும் எச்சரிப்பே. அதை எதிர்த்து அவர் எழுதினார். 5,500 பவுண்டு இலக்குடன் தொடங்கிய நிதி திரட்டல் ஒரு இலட்சம் பவுண்டைக் கடந்தது. கடவுள் அநேகமாக இல்லை, கவலையை விட்டு வாழ்வை அனுபவியுங்கள் என்னும் பொருளுள்ள வாசகம் 2009 ஜனவரியில் பிரித்தானியாவெங்கும் 800 பேருந்துகளில் வலம் வந்தது.

கிறிஸ்தவர்களின் மறுமொழி ஒரேவிதமாக அமையவில்லை. திரித்துவ வேதாகமச் சங்கம் சங்கீதம் 53:1-ஐப் பேருந்துகளில் விளம்பரம் செய்தது. கடவுளை மறுப்பவனை மதிகேடன் என்றுரைக்கும் வசனம் அது. ஆயினும், அங்குள்ள 'நாபால்' என்னும் எபிரெயச் சொல் அறிவுக் குறைவைவிட ஒழுக்கக் கேட்டையே சுட்டுகிறது. மக்களை உணவைப்போல் விழுங்கும் கொடியோரையே அச்சங்கீதத்தின் 4-ஆம் வசனம் கண்டிக்கிறது. நேர்மையாக ஐயுறும் ஒருவர்மேல் அச்சொல்லை எறிவது திருமறைக்கும் நீதியன்று, அவருக்கும் நீதியன்று.

அதே ஆண்டில் ஆல்ஃபா இயக்கம் வேறுவழியைக் கையாண்டது. கடவுள் உண்டா என்று வினவி, ஆம், இல்லை, அநேகமாக என மூன்று கட்டங்களை அதன் விளம்பரம் வாசிப்போர் முன் வைத்தது. ஒன்றாக உணவருந்தி, உரை கேட்டு, சிறு குழுவில் எவ்வினாவையும் எழுப்ப இடந்தரும் கூடுகை அதன் பின்னால் இருந்தது.

இங்கேதான் உண்மை வேறுபாடு உள்ளது. விளம்பரத்திற்கு வாயுண்டு, செவியில்லை. ஐயவாதிக்கோ தம் மறுப்பைப் பொறுமையுடன் கேட்கும் செவியே முதல் தேவை. 1 பேதுரு 3:15 விசாரித்துக் கேட்போருக்குச் சாந்தத்தோடு விடையளிக்கும்படி பணிக்கிறது. பவுலும் அத்தேனேயில் சந்தைவெளியில் நாள்தோறும் உரையாடிய பின்னரே, அழைக்கப்பட்டு மார்ஸ் மேடையில் பேசினார்.

ஆகவே விளம்பரம் வினாவை எழுப்பலாம். சாட்சி பகர்வது மனிதரே. சுவரிலோ பேருந்திலோ வசனம் எழுதத் திட்டமிடும் சபை முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு: அதை வாசித்து ஐயத்தோடு வருபவருடன் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்கப்போகிறவர் யார்?