அச்சில் வார்க்க எந்தச் சொக்லேட்?

நான் குருநகரில் இருந்துகொண்டு பெருநாள், நத்தார், பிறந்தநாள் ஆகியவற்றுக்கு ஓடர் எடுத்து வீட்டிலேயே அச்சு இனிப்புகள் செய்து கொடுக்கிறேன். "எந்தச் சொக்லேட் வாங்குவது?" என்று மாணவிகளும் தாய்மாரும் அடிக்கடி கேட்கிறார்கள். விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து வாங்கி, அது அச்சில் இறுகாமல் போய்க் கவலைப்படுவோர் பலர். வீட்டிலிருந்து உழைக்கத் தொடங்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு கிலோ சொக்லேட் வீணாவது பெரிய நட்டம். அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மாத்தளை, கண்டிப் பக்கங்களில் கொக்கோ மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் விதையில் இருக்கும் கொழுப்பே கொக்கோ வெண்ணெய். அது இறுகும்போது ஆறு வகைப் பளிங்குகளாக அமையக்கூடும். அவற்றில் ஒரு வகை மட்டுமே பளபளப்பும், 'டக்' என்று உடையும் தன்மையும் தரும். அந்த வகை 34 பாகை செல்சியஸ் அளவில் உருகும். நமது உடற்சூடு 37 பாகை. நல்ல சொக்லேட் நாக்கில் பட்டதும் கரைவது இதனால்தான். ஆனால் சித்திரை, வைகாசி மதியத்தில் யாழ்ப்பாணத்து அடுப்படியும் அந்தச் சூட்டை எட்டிவிடும். அப்போது சொக்லேட் கையிலேயே கரையத் தொடங்கும்.

கடையில் பைக்கற்றைத் திருப்பி, சேர்மானங்களில் கொழுப்பு எது என்று வாசியுங்கள். கொக்கோ வெண்ணெய் மட்டும் இருந்தால் அது அசல் சொக்லேட். தாவரக் கொழுப்பு, பாம் விதை எண்ணெய் என்று இருந்தால் அது 'கொம்பவுண்ட்'. 'கூவெர்சர்' என்பது அசல் சொக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் கூடிய வகை. சர்வதேச நியமப்படி அதில் குறைந்தது 31 சதவீதம் கொக்கோ வெண்ணெய் இருக்க வேண்டும். உருக்கினால் இளகி ஓடும் என்பதால் மெல்லிய ஓடு வார்க்க ஏற்றது. கேக்கில் போடும் 'சிப்ஸ்' சூட்டிலும் உருக்குலையாதபடி செய்யப்பட்டது. உருக்கினாலும் தடிப்பாகவே நிற்கும். அதை அச்சுக்கு வாங்க வேண்டாம். அதே பட்டியலில் மதுச்சாரம், ஜெலற்றின் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் சொக்லேட்டை உருக்கி ஊற்றினால் மட்டும் போதாது. கறுப்புச் சொக்லேட்டை 45 பாகைக்குச் சூடாக்கி, 27 அல்லது 28 வரை ஆறவிட்டு, மறுபடி 31 அல்லது 32க்குக் கொண்டுவர வேண்டும். இதுவே 'டெம்பரிங்'. அறையே 32 பாகையில் இருக்கும் மதியத்தில் அது எப்படி 27க்கு ஆறும்? நான் இந்த வேலையைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவேன்.

கொம்பவுண்டுக்கு டெம்பரிங் தேவையில்லை. உருக்கி, ஊற்றி, குளிரவிட்டால் இறுகும். சுவை சற்றுக் குறைவு. சில வகைகள் வாயில் மெழுகுபோல ஒட்டும். பழகுவதற்கும், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் அது போதும். ஆனால் வாங்குபவரிடம் இது கொம்பவுண்ட் என்று சொல்லிவிடுங்கள். அசல் சொக்லேட்டின் விலைக்கு அதை விற்பது நேர்மையல்ல. இரண்டையும் கலக்கவும் வேண்டாம். இரு கொழுப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இனிப்பு இளகி, பிறகு வெள்ளை பூக்கும்.

எந்த வகையானாலும் நீர் அதற்குப் பகை. உருக்கும்போது ஒரு சொட்டு விழுந்தாலும் கட்டிபட்டுவிடும். குருநகர்போலக் கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த இனிப்பை உடனே திறந்தால் மேலே நீர் படிந்து, காய்ந்தபின் சீனி வெள்ளையாகப் பூக்கும். காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, மூடியபடியே வெளியே எடுத்து, சூடு சமமான பின் திறவுங்கள்.

மின்சாரத்தை நம்ப முடியாத நாட்களும் உண்டு. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான காலத்துக்கு நமது நோன்புகாலத்துக் கடற்பாசியே கைகொடுக்கும். ஒருமுறை இறுகிய கடற்பாசி 85 பாகை அளவில்தான் மறுபடி உருகும். ஜெலற்றினோ நமது வெயிலிலேயே இளகிவிடும். பழைய வணிகத்தில் ஒருவகைக் கடற்பாசிக்கு 'ஜஃப்னா மொஸ்' என்றே பெயர் இருந்தது. 10 கிராம் கடற்பாசியைக் கொஞ்சத் தண்ணீரில் முழுதாகக் கரையக் காய்ச்சி, சூடான 1 லீற்றர் பாலில் சேர்த்து, சீனியும் கொக்கோத் தூளும் கலந்து அச்சில் ஊற்றுங்கள். கொக்கோத் தூளில் கொழுப்பு குறைவு, விலையும் தாங்கும். இதற்குக் கூவெர்சர் வாங்குவது வீண் செலவு.

புதிய வகை எதையும் முதலில் 100 கிராம் மட்டும் வாங்குங்கள். இரண்டு துண்டு வார்த்து, மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டு மேசையில் வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டிலும் உருக்குலையாமல் நிற்பதைக் கண்டபின் ஓடரை ஏற்கலாம்.