வாலடியைப் பார்த்தால் தெரியும்

'காசியில் பாதி கல்பாத்தி' என்பார்கள். ஆற்றங்கரைக் கோயிலும் அக்ரகாரத் தெருக்களுமான இந்த ஊரைத் தாண்டிக் கிழக்கே கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் போனால் கேரளத்தின் முகமே மாறிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட காற்று வீச, பாறையும் பனையும் முட்புதருமாக நிலம் விரிகிறது.

அங்கே கற்குவியல்மீது வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும் சிறு கறுப்புப் பறவையைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். தமிழில் அதன் பெயர் கருஞ்சிட்டு. மலையாளத்தில் கல்மண்ணாத்தி.

இதை வேறு இரண்டு பறவைகளோடு குழப்பிக்கொள்வது சகஜம். தோட்டங்களில் பாடும் வண்ணாத்திக்குருவிக்கு வயிறு வெள்ளை. புதர்ச்சிட்டின் ஆண் கறுப்புத்தான். ஆனால் உருவில் சிறியது, வாலுக்கு மேலே முதுகின் அடிப்பாகம் வெள்ளை. கருஞ்சிட்டின் ஆணுக்கு இந்த இரண்டு இடத்திலும் வெள்ளை கிடையாது. தோளில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. பறக்கும்போது பளிச்சென்று தெரியும். சந்தேகம் தீர வாலின் அடியைப் பார்க்க வேண்டும். அங்கே செங்கல் நிறம். பெட்டை மங்கிய பழுப்பு. தோளில் வெள்ளை இல்லாவிட்டாலும், வாலடிச் சிவப்பு அதற்கும் உண்டு.

இதை இனம் காண்பதில் பெரிய விஞ்ஞானிகளும் தடுமாறியிருக்கிறார்கள். 1760-ல் பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் இதைப் பிலிப்பைன்ஸ் பறவை என்று எழுதிவிட்டார். அதை வைத்தே லின்னேயஸ் 1766-ல் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். இந்தப் பறவை பிலிப்பைன்ஸில் கிடையாது. அதன் ஊர் புதுச்சேரி என்று பிற்பாடுதான் திருத்தினார்கள்.

உறவுமுறையும் அப்படியே. நெடுங்காலம் இதைத் தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். 2010 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு வண்ணாத்திக்குருவியின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மலையாளத்தில் வண்ணாத்திக்குருவிக்கு மண்ணாத்திப்புள் என்று பெயர். கல்லில் வாழும் மண்ணாத்தி, கல்மண்ணாத்தி! ஆய்வுக்கூடம் கண்ட உறவைப் பேச்சுமொழி முன்னமே சொல்லிவிட்டது.

பாலக்காட்டுக் காவசேரியில் பிறந்த பேராசிரியர் கே.கே. நீலகண்டன், 'இந்துசூடன்' என்ற புனைபெயரில் எழுதிய 'கேரளத்திலே பக்ஷிகள்' 1958-ல் வெளிவந்து, பலரைப் பறவை பார்க்கப் பழக்கியது.

கல்லிடுக்கிலும் சுவர்ப் பொந்திலும்தான் கருஞ்சிட்டு கூடு கட்டுகிறது. 'வெறும் தரிசு' என்று நாம் சொல்லும் பாறைநிலம் அதற்குக் குடியிருப்பு. அங்கே ஒவ்வொரு பாறையாக உடைத்து லாரியில் ஏற்றும்போது ஒரு வீடும் போகிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிஷத்தில் அந்த வாலடியைத் தேடிப் பார்க்கலாம். தூரதரிசினிகூட வேண்டாம், பொறுமை போதும்.