தியாகராச விலாசம்

பள்ளியில் தமிழ் நடத்திய காலமெல்லாம் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லிவிடுவேன். பழந்தமிழ் நூல்களை ஏடுகளிலிருந்து பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வீடு அது. தமது வீட்டுக்கு அவர் வைத்த பெயர் 'தியாகராச விலாசம்'.

தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். 1880-இல் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்து அமர்த்தினார். சாமிநாதையருக்கு அப்போது ஏறக்குறைய 25 வயது. இப்படி ஒருவர் கைதூக்கிவிட்டதை நம்மில் பலர் சில வருடங்களில் மறந்துவிடுவோம். 'என் திறமைக்குக் கிடைத்தது' என்றும் சொல்லிக்கொள்வோம். சாமிநாதையருக்குத் திறமை இல்லையா என்ன? இருந்தும் அந்தப் பெயரை வீட்டுக்கே வைத்தார்.

அதே ஆண்டு, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று இவர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. பிறகு பிரதியைக் கையில் எடுத்தால், அது சமணக் காப்பியம்; பல இடங்கள் விளங்கவில்லை. சைவ மடத்தில் பாடம் கேட்டவர், கல்லூரி ஆசிரியர். இருந்தும் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பணிவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். குனிந்து கும்பிடுவதைவிட, 'எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்' என்று கேட்பது கடினம். பதவி வந்தபின் இன்னும் கடினம்.

ஏடு தந்தவர், உதவியவர் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஒவ்வொன்றாகக் குறித்தார். பொத்தாம்பொதுவாக 'அனைவருக்கும் நன்றி' என்று முடித்துக்கொள்ளவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது 1932-இல். அடுத்த இரண்டு ஆண்டுகளில், தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் காலமானது 1876-இல். அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் அந்தக் கடன் அவர் மனத்தில் பசுமையாக இருந்திருக்கிறது.

உங்களுக்கும் ஒரு தியாகராச செட்டியார் இருந்திருப்பார். முதல் வேலைக்குச் சிபாரிசு செய்தவரோ, பரீட்சைக் கட்டணம் கட்டியவரோ, பிரசவத்தின்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவோ யாராகவும் இருக்கலாம். இந்த வாரம் அவரைப் போய்ப் பாருங்கள். 'எல்லாத்துக்கும் நன்றி' என்று சொல்லாதீர்கள். அவர் என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆனது என்று உங்கள் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவரிடமே சொல்லுங்கள்.