சவுக்குத் தோப்பில் படுத்த பாணன்

வரலாற்றுப் புதினம் எழுதுகிறவனுக்கு, அரசர் பெயரிலும் ஆண்டுக் கணக்கிலும் பிழை வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் எப்போதும் உண்டு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பற்றி எழுதியபோது எனக்கும் அந்த அச்சம் இருந்தது. உரைகளையும் கல்வெட்டுத் தொகுதிகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தேன். ஆனால் பிழை வேறோர் இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி.

மரக்காணம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் மாணவர்களுடன் பேச அழைத்திருந்தார்கள். புதினத்தின் முதல் பகுதியை வாசித்துக் காட்டினேன். பசியால் வாடிய பாணன் ஒருவன் கடற்கரை வழியே நடந்து வந்து, சவுக்குத் தோப்பின் நிழலில் யாழை இறக்கி வைத்துவிட்டுப் படுக்கிறான். வாசித்து முடித்ததும் அந்த மாணவி எழுந்தார்.

“ஐயா, எங்க தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ எங்க ஊர்ல இந்தச் சவுக்குத் தோப்பே இல்லையாம். மணல்மேடும் தாழம்புதருந்தானாம். அப்போ உங்க பாணன் எப்படிங்கய்யா சவுக்கு நிழல்ல படுத்தான்?”

என்னிடம் பதில் இல்லை. இந்தியாவின் கிழக்குக் கரையில் சவுக்கைப் பயிரிடத் தொடங்கியதே 19ஆம் நூற்றாண்டில்தான். நான் பிறந்தது முதல் பார்த்த மரம் என்பதால், எப்போதும் இருந்த மரம் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சிறுபாணாற்றுப்படையை மறுபடியும் எடுத்தேன். நல்லூர் நத்தத்தனார் பாடிய 269 அடிகள். எத்தனையோ முறை படித்த நூல்தான். இம்முறை மன்னனை விட்டுவிட்டு மரங்களை மட்டும் தேடிப் படித்தேன். எயிற்பட்டினத்துக் கடற்கரையில் தாழையும் செருந்தியும் முண்டகமும் புன்னையும் வரிசையாகப் பூத்து நின்றன. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. மாணவியின் தாத்தா சொன்ன தாழையும், புலவர் பாடிய தாழையும் ஒரே கரையில் நின்றவை. ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியை ஒரு புதர் இணைத்துவிட்டது.

அந்தப் பாடல் ஒரு நிலவியல் பாடமும்கூட. பாணன் போகும் வழியில் எயிற்பட்டினம் நெய்தல், வேலூர் முல்லை, ஆமூர் மருதம். கடைசியில் வருவது மன்னனின் கிடங்கில். ஊர் மாறினால் உணவும் மாறுகிறது. கடற்கரையில் சுட்ட மீன், வேலூரில் புளி சேர்த்த சூடான சோறு, ஆமூரில் வெண்சோற்றுடன் நண்டு. நிலம் எதைத் தந்ததோ அதுவே விருந்து. கிடங்கல் என்ற பெயர் இன்றும் திண்டிவனம் நகருக்குள் வழங்குகிறது. திண்டிவனம் என்ற பெயரோ திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பர்.

பிறகு என் புதினத்தை முழுவதுமாகச் சோதித்தேன். ஆமூர் அடுக்களையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்; மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மேட்டு நிலத்தில் முந்திரி காய்த்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். ஊர் எல்லையில் சீமைக் கருவேலம் நின்றது. அது சவுக்கைப் போலவே அண்மைக் காலத்து வரவு. ஒவ்வொன்றாக நீக்கினேன். இரண்டாம் பதிப்பில் பாணன் புன்னை நிழலில் படுத்திருக்கிறான்.

சவுக்கையும் முந்திரியையும் நான் குறை சொல்லவில்லை. மணற்பாங்கான நம் நிலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுபவை அவை. முன்பு அங்கே என்ன இருந்தது என்பதை மறந்துவிடுவதுதான் ஆபத்து. இருந்தது தெரியாதவனுக்கு இழந்ததும் தெரியாது.

மரக்காணம் அருகே உள்ள கழுவேலி இதற்கு நல்ல சான்று. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரும் கடலின் உப்பு நீரும் கலக்கும் சதுப்பு நிலம் அது. பூநாரைகள் முதலான பறவைகள் அங்கே இரை தேடுகின்றன. ஏரியில் மழைநீர் தங்கவும், பறவைக்கு இரை கிடைக்கவும், கடல்நீர் ஓர் எல்லையில் நிற்கவும் இத்தகைய நிலம் வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் சேறு. அதன் அருமை உணரப்பட்டு, 2021இல் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனாலும், அறிவிப்புப் பலகை மட்டும் ஒரு நிலத்தைக் காத்துவிடாது. அதன் கதை தெரிந்த பிள்ளைகள் கரையோர ஊர்களில் வளர வேண்டும்.

இதை வகுப்பறையில் எளிதாகத் தொடங்கலாம்:

• தொடக்க வகுப்பு: பள்ளி வளாகத்து மரங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டு எழுதச் செய்யலாம்.

• நடுநிலை வகுப்பு: ஒரு வேளை உணவில் உள்ள பொருள்களில் எவை இந்த மண்ணுக்கு உரியவை, எவை கடல் கடந்து வந்தவை என்று பிரிக்கலாம்.

• உயர்நிலை வகுப்பு: ஊர்ப் பெயர், ஏரிப் பெயர், தெருப் பெயர்களில் ஒளிந்திருக்கும் மரத்தையோ நீர்நிலையையோ தேடி, அது இன்றும் உள்ளதா என்று நேரில் பார்த்து வரலாம்.

• திணை பற்றிய பாடம் நடத்தும்போது, “நம் ஊர் எந்தத் திணை?” என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

அன்று அந்த மாணவியின் கேள்வி எனக்குக் கூச்சம் தந்தது உண்மை. ஆனால் அவருடைய வகுப்பாசிரியர் அவரை உட்காரச் சொல்லவில்லை, “தாத்தா வேறு என்ன சொன்னார்?” என்று கேட்டார். என் புதினம் திருந்தியது அந்தக் கேள்வியால்தான்.