தக்காளி விலையும் நீராவி எந்திரமும்

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி, மாதக் கடைசியில் 200-ஐ எட்டிப் பார்த்தது. ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. பத்திரிகைகளெல்லாம் தக்காளி இல்லாத ரசத்துக்குச் செய்முறை போட்டன. செப்டம்பரில் தென்னிந்தியாவின் பல மொத்தச் சந்தைகளில் அதே தக்காளி கிலோ 10 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஜூலையில் பதுக்கல்காரர் என்று வியாபாரியைத் திட்டினோம். செப்டம்பரில் “எல்லாரும் ஒரே பயிரை வைத்தால் வேறென்ன ஆகும்?” என்று விவசாயிக்குப் புத்தி சொன்னோம்.

இரண்டே மாதத்தில் வியாபாரி திருந்திவிட்டாரா, விவசாயிக்குத்தான் அறிவு மழுங்கிவிட்டதா? யாருடைய குணமும் மாறவில்லை. ஆனாலும் ஒரு கெடுதல் நடந்தால் உடனே ஒரு கெட்டவரைத் தேடுவது நம் வழக்கம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே வரும் ஆடுமாடும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகி, வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. முன்வண்டி வேகம் குறைந்ததைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் பிரேக் போடச் சிறிது நேரம் ஆகிறது. தாமதமாகப் போடுவதால் தேவைக்கு மேல் அழுத்திவிடுகிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். அந்த 22 பேரில் யாரைக் குற்றவாளி என்பது?

தக்காளியிலும் இதே தாமதம்தான், கால அளவு மட்டும் பெரிது. நாற்றங்காலில் ஏறக்குறைய 25 நாள். நட்ட பிறகு முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல். பண்ணையிலிருந்து குழித்தட்டு நாற்று வாங்கி நட்டால் முதல் கணக்கு மிச்சம், இரண்டாவதைக் குறைக்க வழியில்லை. ஜூன் கடைசியில் விலை ஏறுவதைப் பார்த்து ராயக்கோட்டையிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஒருவர் நாற்று நட்டால், அவர் பெட்டி சந்தைக்கு வரும்போது செப்டம்பர். அதே விலையைப் பார்த்து நட்ட அத்தனை பேரின் பெட்டியும் அப்போதுதான் வரும். பறிகூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் போனால் கைக்கு ஒன்றும் நிற்காது. கட்டாது என்று தெரிந்ததும் காட்டிலேயே விட்டு ஆடுமாடுகளை மேயவிடுவார்கள். அடுத்த பட்டத்துக்கு வேறு பயிருக்குப் போவார்கள். சந்தையில் வரத்து குறையும், விலை ஏறும், மறுபடி எல்லாரும் தக்காளிக்குத் திரும்புவார்கள்.

1920-களின் ஜெர்மனியில் பன்றி விலை இப்படி ஏறி இறங்குவதை ஆர்தர் ஹானாவ் கவனித்து எழுதினார். 1938-இல் மார்டெக்காய் எசக்கியேல் இதைச் சிலந்தி வலைத் தேற்றமாக விளக்கினார். இந்த ஊசலைத் தக்காளியில் மோசமாக்குவது நம் அடுப்படி. விலை பாதியானாலும் யாரும் இரண்டு பங்கு ரசம் குடிப்பதில்லை. ஆகவே வரத்து கொஞ்சம் கூடினாலே விலை பாதாளத்துக்குப் போகிறது. கொஞ்சம் குறைந்தால், எவ்வளவு கொடுத்தாவது கால் கிலோ வாங்குகிறோம். மழை, வெயில், நோய், குளிர்பதனக் கிடங்கு இல்லாமை, இடைத்தரகு என்று பிற காரணங்களும் உண்டு. 2023-இல் பருவநிலையும் பயிரை அடித்தது. அவை ஊசலுக்கு முதல் தள்ளு கொடுக்கலாம். தள்ளிய பின்னும் அது ஏன் ஆடிக்கொண்டே இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

சொல்லக்கூடியவர்கள் எந்திரக்காரர்கள். ஜேம்ஸ் வாட் 1788-இல் தன் நீராவி எந்திரத்தில் ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினார். அதில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் அவை வெளிப்பக்கம் விலகி நீராவி வால்வைக் குறுக்கும், வேகம் குறைந்தால் உள்ளே சரிந்து வால்வைத் திறந்துவிடும். ஆளில்லாமல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு விசித்திரம் நடந்தது. பட்டறைகளின் நேர்த்தி கூடக்கூட, எந்திரங்கள் சீராக ஓடுவதற்குப் பதிலாகத் தள்ளாட ஆரம்பித்தன. வேகம் எகிறும், பிறகு தொய்யும், மறுபடி எகிறும். பழைய முரட்டு வேலைப்பாட்டில் இருந்த உராய்வு இந்த ஆட்டத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. நேர்த்தியான வேலை உராய்வைத் துடைத்துவிட்டது. 1868-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதைக் கணிதமாக்கினார். கருவி வேகமாகவும் பலமாகவும் திருத்தினால் மட்டும் போதாது, ஆட்டத்தை அடக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம். லாட்ஜ் குளியலறையில் சுடுநீர்க் குழாயை முழுக்கத் திருகிவிட்டு, வெந்நீர் வந்ததும் அலறிக்கொண்டு மூடுகிறவருக்கு இந்தக் கணிதம் தோலிலேயே புரியும்.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. சந்தைச் செய்தி முன்பெல்லாம் கரடுமுரடாக ஊருக்குள் வந்தது. மண்டிக்குப் போன லாரிக்காரர் ஒரு விலை சொல்வார், டீக்கடையில் வேறொரு விலை பேசிக்கொள்வார்கள். சிலருக்கு ஒரு வாரம் கழித்துத் தெரியும், சிலர் கேட்டாலும் நம்பமாட்டார்கள். ஒருவர் இன்று நட்டால் இன்னொருவர் இருபது நாள் கழித்து நடுவார், மூன்றாமவர் வேறு வேலையில் மறந்தே போவார். அந்தக் குளறுபடிதான் உராய்வு. இப்போது மதனப்பள்ளி, கோலார், கோயம்பேடு விலைகள் காலை காபிக்கு முன் கைப்பேசியில் வந்துவிடுகின்றன. “அண்ணே, இவரு தக்காளியில கோடி பாத்தாராம்” என்ற குறிப்போடு ஒரு வீடியோ பத்து குழுக்களைச் சுற்றி வருகிறது. மூன்று மாநிலத்துக்காரர்கள் ஒரே நாளில் ஒரே முடிவுக்கு வர இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம்.

தகவல் கூடினால் சந்தை சீராகும் என்று சொல்லி இதை மறுப்பவர்கள் உண்டு. வடகேரளக் கடற்கரையில் கைப்பேசி வந்த பிறகு மத்தி மீன் வீணாவது நின்று, கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசமும் சுருங்கியதை ராபர்ட் ஜென்சன் 2007-இல் காட்டினார். உண்மைதான். ஆனால் அந்த மீன் ஏற்கெனவே படகில் கிடக்கிறது. எந்தக் கரைக்குத் திருப்புவது என்பது அந்த ஒரு மணி நேரத்துக்கான முடிவு. இன்றைய விலை அதற்குச் சரியான வழிகாட்டி. மூன்று மாதம் கழித்து விளையப்போவதற்கு அதே விலையை வழிகாட்டியாக்கினால், எல்லாரும் சேர்ந்தே தப்பான கரைக்குப் போவார்கள்.

படிப்பும் இந்த ஊசலுக்குத் தப்பவில்லை, அங்கே தாமதம் நான்கு வருஷம். இன்று கேம்பஸ் வேலை எந்தப் பிரிவுக்குக் கிடைக்கிறது என்று பார்த்து இன்று சேர்கிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டிப் பெருகியதையும், பிறகு இடங்கள் காலியாகிக் கல்லூரிகளே மூடப்பட்டதையும் பார்த்தோம். இப்போது எல்லார் கண்ணும் கணினி அறிவியல் மேல்.

திரும்பத் தக்காளிக்கு வருகிறேன். மூன்று மாதம் கழித்து என்ன வரும் என்பதை இன்றே அறிந்த இடம் ஒன்று உண்டு. அது நாற்றுப் பண்ணை. இந்த வாரம் எத்தனை லட்சம் தக்காளி நாற்று விற்றது என்பது அங்கே பில் புத்தகத்தில் இருக்கிறது. கைப்பேசிக்கு வரும் விலைப் பட்டியலில் அந்த எண்ணிக்கையைச் சேர்த்தால் என்ன? உடனே எல்லாரும் ஒரே நாளில் கத்தரிக்குத் தாவிவிடுவார்களே என்று கேட்கலாம். தாவட்டும். கத்தரி நாற்று விற்பனை ஏறுவதும் அடுத்த நாளே அதே பட்டியலில் தெரியும். அதைப் பார்த்துச் சிலர், இன்னும் ஒரு நாற்றுக்கும் காசு கொடுக்காத நிலையில், தக்காளிக்கே திரும்புவார்கள்.