தாளம் யார் கையில்?

விஜய் ஐயரின் பியானோ ட்ரியோவை முதல்முறை கேட்டப்போ, மூணு பேரும் ஆளுக்கொரு பாட்டு வாசிக்கிறாங்கன்னுதான் நினைச்சேன். சிலமலைத் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது எனக்கு. அதில் யார் முன்னால் போகிறார், யார் பின்தொடர்கிறார் என்பது தெரிந்துவிடும்.

இவர் 1971இல் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வயலின் முறையாகப் படித்தது. பியானோ பெரும்பாலும் கேள்வி ஞானம். 2009இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பத்தில் ஸ்டீஃபன் கிரம்ப் பேஸ், மார்கஸ் கில்மோர் டிரம்ஸ்.

ஜாஸில் பொதுவாக முதலில் மெட்டை வாசிப்பார்கள். பிறகு மெட்டு போய்விடும். அதன் அடியில் ஓடும் கார்டுகளின் சுற்று மட்டும் மிஞ்சும். அதன்மேல் அந்த நேரத்துக் கற்பனை. நம்ம கல்பனாஸ்வரம் மாதிரிதான். ஆனால் அங்கே பாடகர் முடித்ததும் வயலின் பதில் சொல்லும். இங்கே யாரும் முறை வரட்டும் என்று காத்திருப்பதில்லை. பியானோ ஓடும்போதே டிரம்ஸ் குறுக்கே வேறு கணக்கு போடும். தாளத்தைக் கையில் போட்டுக் காட்ட ஆளில்லை. மூவரும் மனசுக்குள் எண்ணுகிறார்கள்.

இது புரிந்தபின், போடி பஸ்ஸில் ஹெட்போன் மாட்டித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டேன். இரண்டு தடவை தப்பியது. மூணாவது சுற்றில் அவங்களோட சேர்ந்து சமத்தில் வந்து விழுந்தேன். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன் போல, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.