பழைய காரின் உடற்கட்டும் விறைப்புச் சட்டங்களும்

மாஹிமில் நாம் குடியிருக்கும் தெருவில் ஒரு ஃபியட் 1100 டி கார் நிற்கிறது. 1969-இல் பதிவு பெற்ற வண்டி. தந்தையார் வாங்கிய அவ்வண்டி இப்போது நம் அக்காள் மகனின் பொறுப்பில் இருக்கிறது. அவன் எஞ்சினைச் செப்பனிட்டான். நல்ல டயர்களைப் பூட்டினான். வண்டி முன்னிலும் விரைவாக ஓடலாயிற்று. உடனே ஒரு புதிய குறை தலைகாட்டியது. வளைவில் திரும்பும்போது கதவுகள் முனகின; ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சற்றுப் பொறுத்தே வண்டி திரும்பியது. "மாமா, உடம்பு முறுக்குகிறது, சட்டம் போட வேண்டும்" என்றான் பையன். சொன்னதோடு நில்லாமல் ஒரு கடையில் பளபளக்கும் அலுமினியச் சட்டம் ஒன்றையும் வாங்கி வந்துவிட்டான். அது வண்டியில் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்று ஆராயப் புகுந்ததே இவ்வுரைக்குக் காரணம்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்க்கு இது விட முடியாத பழக்கம், நேயர்கள் பொறுத்தருள்க. வலிமை வேறு, விறைப்பு வேறு. மூங்கில் வலியது, ஆனால் வளையும். கண்ணாடித் தகடு விறைப்பானது, ஆனால் வலியதன்று. ஒரு பொருள் எவ்வளவு சுமையில் முறியும் என்பது வலிமையைக் குறிக்கும். சுமை ஏறும்போது எவ்வளவு வளைகிறது அல்லது முறுக்குகிறது என்பது விறைப்பைக் குறிக்கும். கடைக்காரர் "ஸ்ட்ராங்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். நாம் கேட்டறிய வேண்டியது விறைப்பைப் பற்றியே. உடல் முறுக்கினால் சக்கரங்கள் தத்தம் கோணத்தில் நில்லா. ஓட்டுபவரின் கை சொல்வது சாலைக்குப் பிந்தியே போய்ச் சேரும்.

இனி, அடிச்சட்டம் என்பது எது? லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் கீழே ஏணி போன்ற தனிச் சட்டம் உண்டு. சென்னையில் 1960-களில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கும் தனிச் சட்டம் உண்டு. அதன் உடலைத் திருகாணி கழற்றி எடுத்துவிடலாம். குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஃபியட் 1100-க்கு அப்படி ஒன்றில்லை. 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்று, மும்பையின் டாக்சியாகி, 2023 அக்டோபரில் அத்தொழிலிலிருந்து விடைபெற்றதும் இதே வண்டிதான். தரைத்தகடு, கதவுகளின் கீழே நீளும் பெட்டிவடிவப் படிகள், தூண்கள், கூரை ஆகிய யாவும் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்கின்றன. அக்கூடே அதன் சட்டம்.

மூடியற்ற அட்டைப் பெட்டி ஒன்றை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். எளிதில் வளைந்து கொடுக்கும். மூடியை நாற்புறமும் பசையிட்டு ஒட்டியபின் முறுக்குங்கள், அசையாது. மெல்லிய இரும்புக் குழாயை நீளவாக்கில் பிளந்துவிட்டால் முறுக்கை எதிர்க்கும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. குழாயின் எடை அப்படியே இருக்கும். மூடிய வடிவம் போனதால் விறைப்பும் போயிற்று. கதவின் கீழ்ப்படியும் இத்தகைய மூடிய குழாயே. அதன் அடித்தையலில் துரு ஏறி ஒரு கோடு திறந்துகொண்டால் என்னவாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் மாஹிம் வந்து சேர்கிறது. மேற்கே அரபிக்கடல், வடக்கே உப்பங்கழி, நான்கு மாத மழை. உப்பு கலந்த ஈரம் தகட்டை விட்டு எளிதில் விலகாது. படியின் அடியிலுள்ள வடிகால் துளைகளைச் சேறு அடைத்துவிட்டால் பெட்டியின் உட்புறம் வெளியே தெரியாமல் அரிக்கும். வெளியே பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிப் படியின் மீது நகர்த்தினால் உண்மை தெரியும். பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது. நம் வண்டியில் ஒரு சாண் நீளத்துக்குப் பிடிக்கவேயில்லை.

மற்றொரு சோதனை: கதவு நன்றாகச் சாத்துவதைப் பார்த்துக்கொண்டு, சமதரையில் வண்டியின் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, அதே கதவை மீண்டும் திறந்து சாத்திப் பார்க்க வேண்டும். இடைவெளி மாறினால், கதவு இடித்தால், உடல் முறுக்குகிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் நுழையலாகாது. ஜாக்கி வைக்கும் இடமே உள்ளே அமுங்கினால் சோதனை அங்கேயே முடிந்தது. வண்டி நேரே பட்டறைக்குப் போகட்டும். தமிழ்நாட்டில் டிங்கரிங் என்றால் இங்கே டென்டிங் என்பார்கள், பெயர்தான் வேறு. படியை அறுக்குமுன் கதவு வாயிலுக்குக் குறுக்கே தற்காலிகத் தாங்கல் வைக்கிறாரா என்று மட்டும் பட்டறைக்காரரைக் கேளுங்கள். வைக்காமல் அறுத்தால் கூடு தொய்ந்து, அதே கோணலில் பற்றவைக்கப்பட்டுவிடும்.

துருவுக்கு அடுத்தது ரப்பர். தேய்ந்த புஷ்களும் சோர்ந்த ஷாக் அப்சார்பர்களும் தரும் ஆட்டத்தை உடலின் முறுக்கு என்று மயங்குவோர் பலர். அவற்றின் விலை மிகக் குறைவு, பயனோ பெரிது.

இவையெல்லாம் சீரான பிறகே சட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும். பையன் வாங்கியது எஞ்சினுக்கு மேலே இரு பக்கக் கோபுரங்களையும் இணைக்கும் சட்டம். மாருதி ஜென், எஸ்டீம் போன்ற 1990-களின் வண்டிகளில் முன்சக்கரத் தாங்கியின் மேல்முனை அக்கோபுரத்தில் பொருந்தி, திரும்பும்போது பக்கவாட்டு விசையை அங்கே செலுத்துகிறது. ஆதலின் அவ்வண்டிகளில் இச்சட்டத்துக்கு வேலை உண்டு. ஃபியட் 1100-இன் முன்சக்கரமோ மேலும் கீழுமாக இரு கைகளும் சுருள்வில்லும் கொண்டது. அத்தகைய உயர்ந்த கோபுரம் அதற்கில்லை. எஸ்டீமின் சட்டத்தை ஃபியட்டில் பூட்ட முயல்வது, பிறர் மூக்குக்கண்ணாடியை அணிவது போன்றது.

பொருந்தும் வண்டி வைத்திருப்போர் கவனிக்கத்தக்கவை சில உண்டு. சட்டம் நேராக இருக்க வேண்டும். எஞ்சினுக்கு இடம்விட வளைத்த சட்டம், இழுவிசை வரும்போது தானே வளைந்து பயனைக் குறைத்துவிடும். பிடிப்புத் தகடு கனமாகவும் அகலமாகவும் இருத்தல் நலம். அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எடையும் அவ்வாறே. பளபளப்புக்காக அதிக விலை தருவதில் பொருளில்லை. வளைவை எதிர்க்க வேண்டிய இடத்தில் குழாயின் விட்டமே முக்கியம். தடிப்பு மாறாமல் விட்டத்தை இரட்டித்தால் வளைவெதிர்ப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகும். வண்டியின் அடியில் பூட்டும் சட்டங்களை வாங்குமுன் நம் தெருக்களின் வேகத்தடைகளை நினைவில் கொள்க. உள்ளே கட்டும் குழாய்க்கூண்டு பந்தயத்துக்கு உரியது. சென்னையை அடுத்த சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஃபியட் வண்டிகளும் ஓடியதுண்டு; பந்தயம் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிவார். வெறுந்தலையுடன் கடைத்தெருவுக்குப் போகிறவருக்கு அக்குழாயே ஆபத்து.

சட்டம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டல்லவா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரத்தினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மேலும் 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிய வேண்டுமாயின் அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கலாகாது. 1969-ஆம் ஆண்டு வண்டி இவ்வரம்பைக் கடந்துவிட்டது. அரித்த படியைப் பழைய வடிவிலேயே புதுப்பிப்பது வேறு; இல்லாத உறுப்பைப் புதிதாகப் பற்றவைப்பது வேறு. ஐயம் எழுந்தால், பட்டறைக்கு முன்னதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே முறை.

நம் வண்டியின் இரு படிகளும் மாற்றப்பட்டன. உட்புறம் மெழுகு தெளிக்கப்பட்டது. முன்புறப் புஷ்கள் புதியவை. கதவுகள் முனகுவதில்லை. தொன்மைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இப்போது பையனே சொல்கிறான். அலுமினியச் சட்டம் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. எஸ்டீம் வைத்திருக்கும் அன்பர் எவரேனும் கேட்டால் பாதி விலைக்குத் தருவதாக அவன் சொல்லி வருகிறான்.